ஊசிக்கு அஞ்சலாமா?

நுழையும்முன்
ஊசி போட்டால்தான் காய்ச்சல் தீரும் என்பர் சிலர். ஊசியால் நோய் தொற்றும் என அஞ்சித் தடுப்பூசியையே மறுப்பர் வேறு சிலர். எது சரி? பாடத்தைப் படித்து அறிவோம்.

பாடப்பகுதி
பெங்களூருவின் தெற்கே, ஓசூர்ச் சாலையில் உள்ளது பொம்மசந்திரா. தொழிற்பேட்டையும் பெரிய மருத்துவமனைகளும் நிறைந்த இவ்வூரில் நாள்தோறும் எண்ணற்றோர் ஊசி போட்டுக்கொள்கின்றனர். அவர்கள் அனைவரும் அஞ்ச வேண்டுமா?

தூய புதிய ஊசி நோயைப் பரப்பாது. ஒருவருக்குப் போட்ட ஊசியையோ ஊசிக்குழலையோ மற்றவருக்கும் பயன்படுத்தினால், அதில் ஒட்டியுள்ள சிறிதளவு குருதியே கல்லீரல் அழற்சி பி, சி நச்சுயிரிகளையும் எச்.ஐ.வி.யையும் பரப்பிவிடும். ஊசியை மட்டும் மாற்றிக் குழலை மாற்றாமல் விடுவதும் தீங்கே.

2009இல் குஜராத்தின் மோடாசாவில் கல்லீரல் அழற்சி பி பரவிப் பலர் உயிரிழந்தனர். 2018இல் உத்தரப்பிரதேசத்தின் பாங்கர்மாவ் பகுதியில் 30க்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. உரிமம் பெறாத ஒருவர் ஒரே ஊசியைப் பலருக்கும் போட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டது. மாத்திரையே போதுமான காய்ச்சலுக்கும் ஊசி கேட்கும் வழக்கம் இத்தகையோருக்கு வாய்ப்பாகிறது.

ஒருமுறை அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும் ஊசிக்குழல்கள் இன்று உள்ளன. அவற்றை மீண்டும் பயன்படுத்த இயலாது. கல்லீரல் அழற்சி பி நோய்க்குத் தடுப்பூசியும் உண்டு. பிறந்த 24 மணி நேரத்திற்குள் அதன் முதல் தவணை போடப்படுகிறது. புதிய ஊசியால் குருதி எடுக்கப்படுவதால், குருதிக்கொடை அளிப்பவருக்கு நோய் தொற்றாது.

எனவே, மருத்துவத்தை மறுக்க வேண்டா. உறையைப் பிரிப்பதை நேரில் பாருங்கள். "இது புதிய ஊசிதானே?" எனப் பணிவுடன் கேளுங்கள். அவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவன்று, நோயாளியின் உரிமை. குப்பையில் கிடக்கும் ஊசியைத் தொடாதீர்கள். தவறிக் குத்திவிட்டால் சோப்பு நீரால் கழுவி, உடனே பெரியவரிடம் கூறி மருத்துவரை அணுகுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால், அதனை 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
குருதி – இரத்தம்
நச்சுயிரி – வைரஸ்
அழற்சி – வீக்கம்

பயிற்சி
1. சரியா, தவறா?
அ) ஊசியை மட்டும் மாற்றினால் போதும்.
ஆ) குருதிக்கொடையால் கொடையாளருக்கு நோய் தொற்றும்.
2. ஊசி வழியே நோய் எவ்வாறு பரவுகிறது?
3. பிரித்து எழுதுக: இவ்வூர், எண்ணற்றோர்.
4. ஊசி போட அஞ்சும் தம்பிக்கு அறிவுரை கூறி ஐந்து தொடர்கள் எழுதுக.