வெளிநாட்டில் கெமிக்கல் இன்ஜினியரிங்: பணம் கட்டும் முன் செல்போனில் பார்க்க வேண்டிய ஐந்து விஷயங்கள்

கெமிக்கல் இன்ஜினியரிங்கில் பி.டெக். முடித்துவிட்டு, மேற்படிப்புக்கு வெளிநாடு போகலாம் என்று யோசிக்கிறீர்களா? இந்நேரம் உங்கள் வாட்ஸ்அப்பில் நாலு கன்சல்டன்சி மெசேஜ் வந்திருக்கும். "சீட் ரெடி, இந்த வாரமே முன்பணம் கட்டிடுங்க" என்பார்கள். அவசரப்படாதீங்க. பல கன்சல்டன்சிகளுக்குப் பல்கலைக்கழகங்களே கமிஷன் தருகின்றன. அதனால் அவர்கள் காட்டுவது முழுப் பட்டியலாக இருக்காது. வீட்டை அடமானம் வைத்து வாங்கும் கடன் இது. அம்மா அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கீழே உள்ள ஐந்தையும் நீங்களே சரிபார்த்துடுங்க.

1. ரேங்க் மட்டும் போதாது, பாடத்திட்டத்தைப் படியுங்க

உலகத் தரவரிசை பெரும்பாலும் பல்கலைக்கழகம் முழுமைக்குமானது. உங்கள் துறையின் ஆய்வகம் எப்படி என்று அது சொல்லாது. துறையின் இணையப் பக்கத்தில் செமஸ்டர் வாரியான பாடங்களைப் பாருங்க. ரியாக்‌ஷன் இன்ஜினியரிங், மாஸ் டிரான்ஸ்ஃபர், பிராசஸ் கன்ட்ரோல், பிராசஸ் சேஃப்டி எல்லாம் இருக்கிறதா? பெயரில் 'கெமிக்கல்' இருந்தும் உள்ளே முழுக்க வேதியியலாக இருக்கலாம். ஜெர்மனியில் இந்தத் துறையை 'ஃபெர்ஃபாரன்ஸ்டெக்னிக்' என்பார்கள். ஆங்கிலப் பெயரில் மட்டும் தேடினால் சில நல்ல படிப்புகள் கண்ணில் படாமலே போகும்.

2. அங்கீகாரம் இருக்கிறதா?

பிரிட்டன் என்றால், அந்தப் படிப்புக்கு கெமிக்கல் இன்ஜினியர்கள் அமைப்பான 'ஐகெம்இ' அங்கீகாரம் உண்டா என்று பாருங்க. பிளஸ் டூ முடித்து அமெரிக்காவில் இளநிலைப் படிப்பில் சேர்கிறவர்கள் 'ஏபெட்' அங்கீகாரத்தைப் பார்க்க வேண்டும். நம் ஊருக்குத் திரும்பி அரசு வேலைக்கு விண்ணப்பித்தால், வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைச் சான்று கேட்பார்கள். அதற்கான விதிகளையும் இப்போதே படித்துக்கொள்ளுங்க.

3. கட்டணம் வேறு, கையிருப்பு வேறு

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. கார்ல்ஸ்ரூ, ஸ்டுட்கார்ட் நகரங்கள் உள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-இல் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது.

விசாவுக்கு 'பிளாக்டு அக்கவுன்ட்'டில் பணம் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் இந்தத் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோவாக உயர்ந்தது. இது கட்டணம் அல்ல, உங்கள் பணம்தான். அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கே திரும்ப வரும்.

4. சான்றிதழ்களுக்கு நாள் ஒதுக்குங்க

ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் 'ஏபிஎஸ்' சான்றிதழ் அவசியம். பிரிட்டனில் கெமிக்கல் இன்ஜினியரிங் முதுநிலைக்கு விசா கேட்கும் முன் 'ஏடாஸ்' அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அந்த அரசு கட்டணம் வாங்குவதில்லை. இதற்கென்று யாராவது 'அரசுக் கட்டணம்' கேட்டால் உஷாராகிடுங்க.

5. படித்த பிறகு என்ன?

ஜெர்மனியில் படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தங்கலாம். லுட்விக்ஸ்ஹாஃபென், லெவர்குசன் போன்ற ஊர்களில் பெரிய ரசாயன ஆலைகள் உள்ளன. ஆனால் ஆலையில் பாதுகாப்பு அறிவிப்பும் ஷிஃப்ட் பேச்சும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கும். வகுப்பு ஆங்கிலத்தில் என்றாலும், மொழியை இங்கிருந்தே கற்கத் தொடங்குங்க.

கடனுக்கு முன் உதவித்தொகை

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. தகுதி உண்டா என்று முதலில் பாருங்க. வங்கிக் கடன் தேவைப்பட்டால் 'வித்யாலக்ஷ்மி' இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் சான்றிதழ்களை டிஜிலாக்கரில் தயாராக வைத்திருங்க.

கடைசியாக ஒன்று. அந்தத் துறையில் இப்போது படிக்கும் நம் ஊர் மாணவர் ஒருவரை லிங்க்ட்இன்னில் தேடிப் பிடியுங்க. "ஆய்வகத்தில் உங்களை வேலை செய்ய விடுகிறார்களா? உங்களுக்கு முந்தைய பேட்ச் இப்போ எங்கே வேலை பார்க்கிறாங்க?" என்று கேளுங்க. அந்தப் பதிலையும் கேட்டுவிட்டு, பணம் கட்டுவதா வேண்டாமா என்று வீட்டில் முடிவு பண்ணுங்க.