கொண்ட கருத்தை விடுதல்

நற்காட்சி பெற்ற ஒருவன் பிழையான பொருளை நம்பியிருத்தல் கூடுமா? கூடும் என்பதே ஆகமம் தரும் விடை. கி.பி. 10-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்திகள், கோம்மடசார ஜீவகாண்டத்தின் 27, 28-ஆம் காதைகளில் இதனை விளக்கியருளியுள்ளார்.

நற்காட்சியுடையோன் அருகன் அருளிய பிரவசனத்தை நம்புகிறான். தனக்குத் தெரியாமையால், குரு கூறினார் என்பது கொண்டு, உண்மையல்லாத பொருளையும் நம்பிவிடுதல் உண்டு. அதனால் அவன் நற்காட்சி கெடுவதில்லை. அதனையும் அருகன் சொல் என்றே அவன் கருதுகிறான்.

அடுத்த காதையே நாம் ஆழ்ந்து சிந்தித்தற்குரியது. சூத்திரத்தினின்று மெய்ப்பொருளை எடுத்துக் காட்டிய பின்னரும் அவன் அதனை நம்பானாயின், அக்கணம் முதல் அவன் மித்யாத்ருஷ்டி. நேற்றுக் கொண்டிருந்த கருத்தும் இன்று கொண்டிருக்கும் கருத்தும் ஒன்றே. ஓர் எழுத்தும் மாறவில்லை. நேற்று அதனை அருகன் சொல் என்று நம்பினான். இன்று தன் சொல் என்று பற்றி நிற்கிறான். அறியாமை இருந்த இடத்தில் மானம் வந்து அமர்ந்துகொண்டது.

சாஸ்திர சபைகளில் பத்துப் பேர் முன் ஒரு பொருளைக் கூறிவிட்டு, மூலத்தைத் திறந்து காட்டியதும், 'யாம் வேறு நயத்தால் உரைத்தோம்' என்பாரைக் காண்கிறோம். பொருளின் பல தன்மைகளைக் காண ஏற்பட்ட நயவாதம், பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதற்குத் துணையாதல் வருந்தத்தக்கது!

வேதம் வல்ல இந்திரபூதி கௌதமர், வெல்லும் எண்ணத்தோடு வர்த்தமானரின் சமவசரணத்தை அடைந்தார். மானஸ்தம்பத்தைக் கண்ட அளவில் அவர் செருக்கு அகன்றது. தம் மாணாக்கர் காணத் தம் கொள்கையைத் துறந்து தீக்கை ஏற்றார். முதற் கணதரர் ஆனார். 66 நாள்கள் எழாதிருந்த திவ்யத்வனி அதன் பின்னரே விபுலகிரியில் எழுந்தது என்பது நம் மரபு.

எனினும், எவர் மறுத்தாலும் விட்டுவிடுக என்பது கருத்தன்று. ஆசாரியர் இருவரின் உரைகள் முரணி, முடிவு காண இயலாத இடங்களில், தீர்ப்பளிக்கக் கேவலியோ சுருதகேவலியோ இக்காலத்து இல்லாமையால் இரண்டையும் போற்றிக் கொள்ளுமாறு தவளா உரையில் வீரசேனாசாரியர் பணிக்கிறார். அத்தகைய இடத்தில் ஒருவரை அடிபணியச் செய்யும் உரிமை எவர்க்கும் இல்லை.

மறுப்போர்க்கும் இங்கே கடமையுண்டு. 'சூத்திரத்தினின்று நன்கு காட்டப்படும்போது' என்பதே காதை வைக்கும் நிபந்தனை. நூலை விரித்துக் காட்டாது, உரத்த குரலால் ஒருவர் வாயை அடைத்துவிட்டு, அவர் இணங்கவில்லை என்று மித்யாத்ருஷ்டிப் பட்டம் சூட்டுவதற்கு இக்காதையில் இடமில்லை.