இருண்ட சாலையும் கண்ணுக்கெட்டும் தொலைவும்

பழவங்காடிக் கணபதி கோயிலின் முன்னே இரவு எட்டு மணிக்கு நிற்பவர் இருளை உணர்வதில்லை. கடைவீதியின் விளக்குகளும் பேருந்துகளின் விளக்குகளும் இரவைப் பகலாக்கிவிடுகின்றன. (விக்கினம் தீரவேண்டி அங்கே தேங்காய் உடைத்தவர்களே, அடுத்த கணம் இருபுறமும் பாராது சாலையைக் கடப்பதும் உண்டு.) அங்கிருந்து வடக்கே சுமார் 3 கிலோமீட்டர் சென்றால், 1857-இல் அமைந்த மிருகக்காட்சிசாலையும், 1880-இல் கட்டிமுடிக்கப்பெற்ற நேப்பியர் அருங்காட்சியகமும், அடுத்துக் கனகக்குன்றும் வருகின்றன. அத்தோட்டங்களின் ஓரமாகச் செல்லும் சாலையில் மரங்கள் அடர்ந்துள்ளன. மழைக்கால இரவொன்றில் அங்கு மின்சாரம் தடைப்பட்டுவிட்டதாகக் கொள்வோம். அப்போது சாலையில் நடப்பவரின் உயிர் எதனைப் பொறுத்துள்ளது?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் கார் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் ஓர் உருவைக் கண்டு, அது மனிதன் என்றறிந்து, பிரேக்கை மிதிப்பதற்கு ஒன்றரை வினாடி ஆகுமெனில், அதற்குள் 25 மீட்டர் கழிந்துவிடும். பின்னர் உலர்ந்த சாலையில் நிற்க மேலும் 23 மீட்டர் வேண்டும். ஈரச்சாலையிலோ சுமார் 35 மீட்டர். ஆக, மழையில் 60 மீட்டர் தேவைப்படுகிறது. தாழ்த்திய முகப்பு விளக்கின் ஒளியிலோ, கருநிற ஆடை அணிந்தவர் பெரும்பாலும் 25 அல்லது 30 மீட்டர் நெருங்கிய பின்னரே தென்படுவார். இவ்விரு தொலைவுகளுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டிலேதான் விபத்து நிகழ்கிறது. வேகம் 30 கிலோமீட்டராயின், அதே ஈரச்சாலையில் 21 மீட்டரில் கார் நின்றுவிடும்.

இதில் வஞ்சகமான ஓர் அம்சம் உண்டு. நடப்பவருக்குக் காரின் விளக்கு வெகுதொலைவிலேயே தெரிகிறது. ஆதலின் ஓட்டுநரும் தம்மைக் கண்டிருப்பார் என அவர் நம்பிவிடுகிறார். நடப்பவர்கள் தாம் பிறர் கண்ணுக்குத் தெரியும் தொலைவை மிகைப்படுத்தியே மதிப்பிடுகின்றனர் என்பது பல சோதனைகளில் கண்ட உண்மையாகும். 2022-இல் இந்தியச் சாலைகளில் மாண்ட 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள்.

கேரளத்தின் வெண்ணிற முண்டு இவ்வகையில் நல்ல ஆடையே. தாழ்த்திய விளக்கின் ஒளி எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யாதபடி கீழ்நோக்கிச் செலுத்தப்படுகிறது. ஆதலின் அது முதலில் விழுவது கால்களின்மீதே. மழை வந்ததும் முண்டை முழங்காலுக்குமேல் மடித்துக் கட்டி, கறுப்புக் குடையையும் விரித்துக்கொண்டால், அந்த அனுகூலம் மேலும் கீழும் மறைந்துபோகிறது! சிவப்பு நிறத்தையும் நம்புதல் கூடாது. மங்கிய ஒளியில் சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாகவே தோன்றும். 19-ஆம் நூற்றாண்டில் பர்க்கிஞ்சே என்னும் அறிஞர் கண்டுரைத்த இயல்பு இது.

சைக்கிளின் பின்னுள்ள ரிஃப்ளெக்டர், கண்ணாடியைப் போல ஒளியை வேறு திசையில் சிதறவிடாது, வந்த திசையிலேயே திருப்பியனுப்புகிறது. ஆதலின் அது 100 மீட்டருக்கு அப்பாலும் ஓட்டுநரின் கண்ணில் படும். டைனமோ விளக்கோ சக்கரம் நின்றதும் அணைந்துவிடும். சைக்கிள்காரர் சாலை நடுவே காத்துநிற்கும் வேளையிலேயே அது உதவாது. மிதிகட்டையில் பொருத்திய ரிஃப்ளெக்டர் மேலும் சிறந்தது. ஸ்வீடன் நாட்டு உளவியலறிஞர் குன்னர் ஜொஹான்சன் 1973-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூட்டுகளில் பொருத்திய சில ஒளிப்புள்ளிகள் அசைவதைக் கண்டமாத்திரத்திலேயே மனிதன் நடப்பதாகக் கண் அறிந்துகொள்கிறது. கணுக்காலில் கட்டிய ஒளிரும் பட்டையின் பயனும் இதுவே. ஃபின்லாந்தில் இருளில் நடப்போர் ரிஃப்ளெக்டர் அணியவேண்டுமெனச் சட்டமே உள்ளது.

எல்லாச் சாலைகளுக்கும் விளக்கிடுவதே பரிகாரம் என்பார் உளர். நகர வீதிக்கு அது பொருந்தும். விலங்குகள் வாழும் பூங்காவிற்கு அவ்வாறன்று. லண்டனின் ரிச்மண்ட் பூங்காச் சாலைகளில் விளக்குகள் இல்லை. மணிக்கு 20 மைல் என்னும் வேக வரம்பு உண்டு. இரவில் மோட்டார் வாகனங்களுக்கு வாயில்கள் மூடப்படுகின்றன. வயநாட்டிலிருந்து பந்திப்பூர்க் காட்டின் வழியே செல்லும் சாலையில் 2009 முதல் இரவு 9 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே போக்குவரத்துக்குத் தடை வந்தது காட்டு விலங்குகளின்பொருட்டு. இருளைப் போக்குவதைவிட வேகத்தைக் குறைப்பது எளிதும் மலிவுமாகும் என்பதே இக்கட்டுரையாளனின் கருத்து.

நடைபாதையற்ற சாலையில் எதிர்வரும் வாகனங்களைக் காணுமாறு வலப்புறமாக நடத்தல் வேண்டும். சைக்கிளில் செல்வோர் இடப்புறமே செல்க.

ஐயமுள்ளவர் ஒரு பரிசோதனை செய்து பார்க்கலாம். போக்குவரத்தற்ற இருண்ட மைதானத்தில் காரை நிறுத்தி, முகப்பு விளக்கைத் தாழ்த்தி வைத்து, கறுப்புக் குடை பிடித்த நண்பர் ஒருவரை எதிரே நடந்து செல்லச் சொல்க. அவர் உருவம் மறையும்வரை அடிகளை எண்ணுக. பின்னர் அவர் கணுக்காலில் ஒளிரும் பட்டையைக் கட்டி, மீண்டும் எண்ணுக.