கேட்டு அனுப்புவோம்: கணினிப் பாடம்



கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. கோரமண்டலில் உள்ள எங்கள் வீட்டில் அப்பாவின் வேலைத்தாள்கள் இன்னும் பெட்டியில் பத்திரமாக உள்ளன. ஒரு விண்ணப்பத்திற்காக அவற்றை ஸ்கேன் செய்து, 60 மெகாபைட் கோப்பாகக் கைப்பேசி இணைப்பில் அனுப்பினேன். அன்றுதான் கடைசி நாள். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் எட்டு நிமிடம் ஆயிற்று. எல்லாம் போன பிறகே, 'கோப்பு பெரியது, ஏற்க இயலாது' என்று பதில் வந்தது.

இதை முதல் நொடியிலேயே சொல்லியிருக்க முடியும். எப்படி?

கோப்புக்கு முன்னால் ஒரு சிறு தலைப்பு செல்கிறது. கோப்பின் அளவும் அனுப்புபவரின் அடையாளமும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். 1999 ஜூனில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிகளின்படி, அத்தலைப்பில் 'எக்ஸ்பெக்ட்: 100-கன்டினியூ' என்று எழுதி, அனுப்பும் கணினி சற்றுக் காத்திருக்கலாம். சர்வர் '100' என்றால் அனுப்பலாம். '413' என்றால் கோப்பு பெரியது. '401' என்றால் அடையாளம் சரியில்லை. மறுத்தால் கோப்பில் ஒரு பைட்கூட வீணாகாது.

சில சர்வர்கள் பதிலே தராது. ஆகவே 'கர்ல்' என்னும் மென்பொருள் ஒரு நொடி மட்டும் காத்திருந்துவிட்டு அனுப்பத் தொடங்கும்.

பிரௌசர்கள் பொதுவாக இப்படிக் கேட்பதில்லை. அங்கே, அனுப்பும்போதே மறுப்பு வந்தால் உடனே நிறுத்த வேண்டும். எச்.டி.டி.பி. 1.1-இல் அதற்கு இணைப்பையே துண்டிக்க வேண்டும். 2015-இல் வந்த எச்.டி.டி.பி. 2-இல் அந்த ஒரு கோரிக்கையை மட்டும் ரத்து செய்யலாம். சர்வர் அவசரப்பட்டு இணைப்பை மூடினால் மறுப்புச் செய்தியே தொலைந்துபோகும்; நமக்கு 'இணைப்பு அறுந்தது' என்றுதான் தெரியும். நாமும் காரணம் புரியாமல் மீண்டும் மீண்டும் அனுப்புவோம்.

இணையதளம் அமைக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: கோப்பைத் தேர்ந்தெடுத்தவுடனே பக்கத்திலேயே அளவைச் சரிபாருங்கள். ஆனாலும் சர்வரிலும் சோதனை இருக்கட்டும். பக்கத்தில் வைக்கும் சோதனையை யாரும் தாண்டிவிடலாம்.

அனுப்பும் நாம் அளவு வரம்பை முதலில் படிப்போம். தாள்களைக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் கோப்பு வெகுவாகச் சுருங்கும். நானும் அப்படிச் செய்தே அன்றிரவு அனுப்பி முடித்தேன்.

சுரங்கத்தில் மணிக்குறி இல்லாமல் கூண்டு நகராது. அப்பா அறிந்திருந்த அந்த ஒழுங்குதான் இதுவும்: முதலில் குறி, பிறகு சரக்கு.