கிராங்க் சுற்றவில்லையா? இன்ஜினை மூட விடாதீர்கள்!



மீஞ்சூர், பொன்னேரி பக்கம் உழவுக்கு வாடகைக்கு விடலாமென்று குழுக்கடனில் பழைய டிராக்டர் வாங்க நினைப்பவர்கள் நம்மில் உண்டு. 1960-ல் தொடங்கிய டாஃபே கம்பெனியின் மாசி பெர்குசன் வண்டிகள் பழசில் நிறைய கிடைக்கும். பலவற்றில் இருப்பது மூன்று சிலிண்டர் சிம்சன் இன்ஜின். பழைய வண்டி என்றால் ஒருநாள் இன்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் லாரி இன்ஜின் வேலை தெரிந்த பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் பணம் நம்முடையது. எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்று நமக்கும் தெரிய வேண்டும்.

பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட். மூன்று சிலிண்டர் இன்ஜினில் அதை நான்கு மெயின் பேரிங்குகள் தாங்கும். ஒவ்வொன்றும் இரண்டு அரைவட்டத் தகடு. மேல்தகடு பிளாக்கில், கீழ்த்தகடு கேப்பில். தகட்டுக்கும் கிராங்குக்கும் நடுவே ஆயில் நிற்க மயிரிழை இடைவெளி வேண்டும். அது இல்லாவிட்டால் கிராங்க் இறுகும்.

பிஸ்டன் மாட்டும் முன்பே, ஆயில் தடவி, கேப்புகளை முறுக்கி, கிராங்கைக் கையால் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். சுற்ற வேண்டும். பிஸ்டன் மாட்டிய பிறகு ரிங் உரசுவதால் கொஞ்சம் கனக்கும், அது சகஜம். வெறும் கிராங்கே மக்கர் செய்தால், "ஓட ஓட சரியாயிடும்மா" என்ற பேச்சை மட்டும் ஏற்காதீர்கள். தையல் மெஷினில் பாபின் பக்கம் நூல் சிக்கினால் வேகமாக மிதித்தா சரிசெய்கிறோம்? வண்டியைக் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்தால் பேரிங் தேய்ந்து, அரைத்த கிராங்க் மறுபடி கீறிப்போகும்.

எங்கே பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க சுலபமான வழி இருக்கிறது. எல்லா கேப்பையும் தளர்த்திவிட்டு, ஒவ்வொன்றாக டார்க் ரெஞ்சில் முறுக்கி, ஒவ்வொரு முறையும் சுற்றிப் பார்க்க வேண்டும். எதை முறுக்கியதும் இறுகுகிறதோ, கோளாறு அங்கேதான். அந்த கேப் இடம் மாறியோ திரும்பியோ இருக்கலாம், எண்ணைப் பாருங்கள். தகட்டின் முதுகில் மண்ணோ பிசிறோ இருந்தாலும் போதும். கிராங்கை 10 தவு அரைத்துவிட்டு 20 தவு பேரிங் போடுவதும் நடக்கும். அளவு தகட்டின் முதுகிலேயே அடித்திருக்கும்.

எதுவும் தனியாகச் சிக்காமல் எல்லாம் சேர்ந்தால் மட்டும் இறுகுகிறதா? கிராங்க் வளைந்திருக்கலாம். லேத் பட்டறையில் டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முன்னும் பின்னும் நெம்பிப் பார்த்தால் துளி அசைவு வேண்டும். அறவே இல்லையென்றால் த்ரஸ்ட் வாஷர் தடிமன். பின்பக்கம் கயிறு சீல் உள்ள இன்ஜினில், புதுக்கயிறு கொஞ்சம் பிடிக்கும். சந்தேகமிருந்தால் கயிறு இல்லாமல் ஒருமுறை சுற்றச் சொல்லுங்கள்.

இடைவெளியை அளக்க பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய இழை உண்டு. ஆயிலைத் துடைத்துவிட்டு, இழையை வைத்து முறுக்கிக் கழற்றினால், நசுங்கிய அகலம் இடைவெளியைச் சொல்லும். கம்பெனி புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். இடைவெளிக்காக கேப்பை ராவவோ, அடியில் காகிதம் வைக்கவோ விடாதீர்கள்.

கழற்றிய பழைய தகடுகளைப் பட்டறையிலேயே விட்டுவராமல் வாங்கி வையுங்கள். கிரைண்டிங் பில்லில் எத்தனை தவு என்று எழுதச் சொல்லி, அதைத் தீர்மானப் புத்தகத்திலும் குறித்துவிடுங்கள். அடுத்த முறை இன்ஜின் பிரிக்கும்போது அந்த எண்தான் முதலில் தேவைப்படும்.