வீட்டில் செய்த ஆம்ப்ளிஃபையர் இரைகிறதா?

சொந்தக் கையால் இணைத்த ஆம்ப்ளிஃபையர், இனிய சங்கீதத்துக்குப் பதிலாக இரைச்சலையே எழுப்புமாயின், உறுப்புகளை அவசரமாகக் கழற்றாமல், பின்வரும் கிரமத்தில் பரீட்சித்து வருவது பொருளையும் சிரமத்தையும் மிச்சப்படுத்தும்.

1. சர்க்யூட்டைத் தொடுமுன், பிளக்கை எடுத்துவிட்டு, ஃபில்டர் கெபாசிட்டர்களை 100 ஓம், 5 வாட் ரெஸிஸ்டர் வழியாக வடியவிடுங்கள். மின்சாரம் நின்ற பின்னும் அவற்றில் சக்தி தேங்கியிருக்கும்.

2. டிரான்ஸ்ஃபார்மருக்குச் செல்லும் மெயின் வயரில் 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து, பிறகே சுவிட்சைப் போடுங்கள். உள்ளே ஷார்ட் இருப்பின், பல்பு பிரகாசமாக எரிந்து, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி, உறுப்புகளைக் காக்கும்.

3. இரட்டை சப்ளை சர்க்யூட்டாயின், ஸ்பீக்கரை இணைக்குமுன் அவுட்புட்டில் டி.சி. வோல்ட்டேஜை மீட்டரால் அளந்து பாருங்கள். அது சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் அடங்காது பல வோல்ட்டாக நின்றால், ஸ்பீக்கர் கருகிப்போகும்.

4. ‘ஹம்’ என்ற ஓசை கேட்குமாயின், இன்புட்டை கிரவுண்டுடன் ஷார்ட் செய்யுங்கள். ஓசை அடங்கினால் இன்புட் வயரையும், அடங்காவிடில் ஃபில்டர் கெபாசிட்டரையும் கிரவுண்ட் இணைப்புகளையும் சந்தேகிக்கலாம்.

5. கிரவுண்ட் வயர்கள் அனைத்தையும் ஒரே புள்ளியில் சேருங்கள். ஸ்பீக்கரின் பெரிய மின்னோட்டம் இன்புட்டின் கிரவுண்ட் வழியே பாய்ந்தால், இரைச்சல் அவசியம் புகும்.

6. இரட்டை சப்ளையில் இயங்கும் டிடிஏ 2030 ஐ.சி.க்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே மைக்காத் தகடு வையுங்கள், அந்த ஐ.சி.யின் உலோக முதுகு, நெகட்டிவ் சப்ளையுடன் உள்ளேயே இணைந்திருக்கிறது.