தேடி வருபவர் கைப்பேசியில் நம் கடை தெரிகிறதா?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் 2007-ஆம் ஆண்டிலேயே கணினித் திரைக்கு மாறிவிட்டது. 2021 ஜனவரியிலிருந்து, ஸ்பைசஸ் போர்டின் போடி மையத்தில் அமர்ந்திருப்பவரும் மலைக்கு அப்பால் புற்றடியில் அமர்ந்திருப்பவரும் ஒரே ஏலத்தில் விலை கேட்க வழி ஏற்பட்டது. வரத்து எவ்வளவு, உச்ச விலை என்ன, சராசரி என்ன என்று டில்லி வியாபாரி இணையத்தில் பார்த்துவிட்டே நமக்குப் போன் செய்கிறார். எனவே மொத்த வியாபாரிகளுக்குத் திரை புதிதல்ல. நாம் இங்கே பேச வந்தது மோட்டார் ரிப்பேர், தார்ப்பாய், சாக்கு, மருந்து தெளிப்பான், மளிகை, ஓட்டல் போன்ற அன்றாடக் கடைகளைப் பற்றி.

போடிமெட்டுக்கு அப்பால், பூப்பாறைப் பக்கத்து எஸ்டேட்டில் பம்ப்செட் காயில் எரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மேஸ்திரி முன்பெல்லாம் மோட்டாரை ஜீப்பில் ஏற்றிக் கீழே வந்துதான் கடையை விசாரிப்பார். இன்று மலையிலேயே போனில் தேடுகிறார். நம் கடை அதில் இல்லையென்றாலோ, மாறிப்போன பழைய நம்பர் இருந்தாலோ, அவர் வேறு ஊருக்குப் போய்விடுவார். நமக்கு அது தெரியக்கூடத் தெரியாது. 2010 இறுதியில் நின்றுபோன ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூன் 15 முதல் மீண்டும் போடிக்கு வருகிறது. அதில் வந்து இறங்கும் வெளியூர்க்காரருக்கும் கைப்பேசிதான் வழிகாட்டி.

கூகுளில் கடையைப் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. கடையின் பெயர், தொழில் வகை, முகவரி, போன், திறக்கும் நேரம் ஆகியவற்றைக் கொடுத்தபின், கடை நம்முடையதுதானா என்று சரிபார்ப்பார்கள். பெரும்பாலும் தெரு, பெயர்ப்பலகை, கடையின் உட்புறம் தெரியும்படி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். தேடுபவருக்கு யாரை முதலில் காட்டுவது என்பதை மூன்று விஷயங்களைக் கொண்டு முடிவு செய்கிறார்கள்: கேட்ட பொருளுக்குக் கடை பொருந்துகிறதா, எவ்வளவு தூரம், எவ்வளவு பெயர் பெற்றது.

தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் மலையடிவாரத்தில் வரைபடத் தூரம் ஏமாற்றக்கூடியது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் இறங்கின. நேராகப் பார்த்தால் அவ்வளவு அருகில். ஆனால் வண்டியில் வருபவர் மூணாறு, போடிமெட்டு என்று சுற்றித்தான் வர வேண்டும். ஆகவே வரைபடத்தில் புள்ளியைக் கடை வாசலிலேயே வைக்க வேண்டும். கதவு எண் இல்லாத சந்துக் கடைகளும் தோட்டத்துக் கிடங்குகளும் இதில் கூடுதல் கவனம் செலுத்துவது நல்லது.

பொருத்தம் என்பது நம் கையில் இருக்கிறது. 'ஜெனரல் ஸ்டோர்' என்று பொதுவாகப் போட்டுவிட்டுத் தார்ப்பாய் விற்றால், தார்ப்பாய் தேடுபவருக்கு நாம் எளிதில் தென்பட மாட்டோம். தொழில் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, விவரப் பகுதியில் பொருள்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். மலைக்கு அந்தப் பக்கத்து வாடிக்கைக்காரர்களுக்காக மலையாளப் பெயரையும் சேர்க்கலாம். சிலர் கடைப் பெயரோடு 'போடியில் சிறந்த ஏலக்காய் குறைந்த விலை' என்று ஒட்டவைக்கிறார்கள். இது கூகுள் விதிக்கு மாறானது, பதிவே முடக்கப்படலாம். பலகையில் உள்ள பெயர் போதும். ஏலக்காய் விலையையும் அங்கே எழுதி வைக்க வேண்டாம். ஏலத்துக்கு ஏலம் மாறும் விலையை எழுதிவைத்துவிட்டுப் பிறகு வாடிக்கைக்காரரோடு வாதாடுவானேன்?

மிக முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பதிவு யாருடைய இமெயிலில் இருக்கிறது? கடைப்பையனோ, தெரிந்த கம்ப்யூட்டர் சென்டர்க்காரரோ தன் கணக்கில் பதிவு செய்துவிட்டால், அவர் போனபின் ஒரு நம்பரை மாற்றுவதற்குக்கூட அவரைத் தேடி அலைய வேண்டும். கடைச் சாவியைப் போல உரிமையாளர் கணக்கு முதலாளியிடமே இருக்கட்டும். மற்றவர்களை நிர்வாகி என்ற அளவில் சேர்த்துக்கொள்ள வசதி இருக்கிறது. 'கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் கடையை வரைபடத்திலிருந்து எடுத்துவிடுவோம்' என்று போன் வந்தால் அது மோசடி. ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்ல வேண்டாம்.

வாடிக்கைக்காரர்களின் கருத்துரைகளும் கவனிக்கப்படுகின்றன. தள்ளுபடி தருகிறேன், நட்சத்திரம் போடுங்கள் என்று கேட்பது விதிப்படி கூடாது. திட்டி எழுதியவருக்கு இரண்டு வரியில் பணிவாகப் பதில் போட்டால் போதும். படிக்கும் பத்துப்பேர் அந்தப் பதிலையும் பார்ப்பார்கள்.

திருவிழா, விடுமுறை நாட்களில் நேரத்தை மாற்றிக் குறிப்பிடும் வசதியும் உள்ளது. 'திறந்திருக்கிறது' என்பதை நம்பி மலையிலிருந்து இறங்கி வந்தவர் பூட்டைப் பார்த்தால் அவருக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். எத்தனை பேர் போன் செய்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்ற கணக்கையும் அந்தப் பதிவிலேயே பார்க்கலாம். புதிதாக வருபவரிடம் 'எப்படித் தெரிந்து வந்தீர்கள்?' என்று கேட்டு, கல்லாப்பெட்டி நோட்டில் மூன்று மாதம் குறித்து, அந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காசு கொடுத்து விளம்பரம் போடுவதா வேண்டாமா என்பதை அதன்பிறகு யோசிக்கலாம்.